ஒரு சிறகு மங்கிய படிகம்

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து, பஞ்சை விலக்கி, உள்ளே இருந்ததை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். விரல் நகத்தளவு இருக்கும். வெளிர் மஞ்சள். ஓரங்கள் சீராக வெட்டப்பட்டவை.

"இது என்னங்க, கற்கண்டா?"

"படிகம். ஆராய்ச்சிக்கு. இங்க திருச்சியில செஞ்சதுதான்."

"இங்க செஞ்சதை வெளிநாட்டுலேர்ந்து எதுக்குக் கொண்டு வர்றீங்க? விலை என்ன?"

"விக்கிறதுக்கு இல்லைங்க."

"விலையே இல்லாத பொருளுக்கா இவ்வளவு பஞ்சு?"

என்னை ஓரமாக நிற்க வைத்தார். மேலதிகாரி வந்தார், ஆய்வுக்கூடத்தின் கடிதத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். ஒருவழியாக விட்டார்கள். ஆனாலும் முதல் அதிகாரியின் பார்வை கதவு வரை என் முதுகில் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் படிகத்தைச் செய்தவர்களை நானும் அதே பார்வையோடு பார்க்கத்தான் வந்திருந்தேன்.

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். வேலை ஐரோப்பாவில் ஒரு குளிர் நகரத்தில், நியூட்ரான் கற்றை வரும் ஆய்வுக்கூடம் ஒன்றில். ஈயம், மக்னீசியம், நயோபியம் எல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்த ஒருவகைப் படிகம் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும். வயிற்றை ஸ்கேன் செய்யும் கருவியின் முனையில் இருப்பது இதன் உறவுக்காரப் படிகம்தான். அது ஏன் அவ்வளவு நன்றாக நீள்கிறது என்பதற்கான காரணம் அதன் உள்ளே, சில நானோமீட்டர் அகலமுள்ள குட்டிக் குட்டிப் பகுதிகளில் இருக்கிறது என்று நம்புகிறோம். ஒவ்வொரு பகுதியிலும் அணுக்கள் இடம் கொஞ்சம் விலகி, ஒவ்வொரு திசையில் சாய்ந்திருக்கும். எக்ஸ் கதிர் ஈயத்தைப் பார்த்தே மலைத்துப் போய்விடும், ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாது. நியூட்ரான் இரண்டையும் பார்க்கும்.

கற்றையில் வைத்தால் திரையில் பளிச்சென்ற புள்ளிகள் வரும். புள்ளிகளைச் சுற்றி, பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒரு மங்கிய ஒளி. குட்டிப் பகுதிகள் எல்லாத் திசையிலும் சமமாகச் சாய்ந்திருந்தால் சிறகுகள் சமமாக இருக்கும். யாராவது மின்னழுத்தம் கொடுத்திருந்தால் ஒரு சிறகு மங்கிவிடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது மறக்காது. உலையில் சுட்டாலும் முழுதாக மறந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது.

திருச்சிக் கல்லூரி ஒன்றிலிருந்து எங்களுக்கு வந்த படிகம், மின்சாரமே படாதது என்று எழுதி வந்தது. எங்கள் ஆய்வின் அடிப்படையே அதுதான். திரையில் வந்த பட்டாம்பூச்சிக்கு ஒரு சிறகு மங்கல்.

கடிதம் எழுதிக் கேட்டேன். "நாங்கள் எதுவும் செய்யவில்லை" என்று பதில். மீண்டும் கேட்டேன். அதே பதில், இன்னும் சுருக்கமாக. அந்தக் குழுவோடு இனி வேலை செய்வதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு சொல்லும்படி என்னை அனுப்பினார்கள். படிகத்தின் கதிர்வீச்சு அடங்கிவிட்டது என்று பாதுகாப்புப் பிரிவு சொன்ன பிறகு, அதையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் தங்கினேன். காலையில் ஹோட்டலில் பொங்கல் சாப்பிடும்போதும் பெட்டி தட்டின் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த மேசையில் ஆந்திராவிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்த ஒரு தம்பதி. ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெலுங்கர்கள், அதனால் எனக்குக் கொஞ்சம் புரியும். "அந்தப் பெட்டிய விடவே மாட்டேங்கிறா பாருங்க. நகையாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. "தனியா வேற வந்திருக்கா" என்றார் கணவர். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் பேராசிரியர் சௌந்தரராஜன் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஒல்லியான மனிதர், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. "வாங்கோ வாங்கோ, பிரயாணம் எல்லாம் சௌக்கியமா இருந்ததா?" அவர் பின்னால் நின்றவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி ரஹ்மத் நிஷா. படிகத்தை வளர்த்தது அவள். அவளுடைய முனைவர் பட்டத்தின் கடைசி அத்தியாயம் இந்த அளவீட்டை நம்பி நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அவள் சிரித்தாள். ஆனால் நான் எது கேட்டாலும் முதலில் பேராசிரியர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

உலையைப் பார்த்தேன். பிளாட்டினக் கிண்ணத்தில் உருக்கி, நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஆற வைக்கிறார்கள். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் பாழ். மாற்று ஏற்பாடாக வராந்தா முழுக்க பேட்டரிகள். கெட்டிக்கார வேலை என்பதில் சந்தேகமில்லை. என் சந்தேகம் வேறு.

"இந்தத் துண்டை எந்தக் கட்டியிலேர்ந்து வெட்டினீங்களோ, அதோட மிச்சம் எங்க?" என்று கேட்டேன்.

"அது உடைஞ்சு போயிடுத்து" என்றார் பேராசிரியர், கொஞ்சம் அவசரமாக.

ரஹ்மத் தரையைப் பார்த்தாள்.

மதியம் அவர் வகுப்புக்குப் போன நேரத்தில் அவளிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அந்த மிச்சத் துண்டு எப்படி உடைஞ்சது?"

"அது பத்திரமா…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "சாரைக் கேளுங்க மேடம்."

அன்று மாலை அறையில் இருந்து மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் அறிக்கையைப் பாதி எழுதிவிட்டேன். மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள், அதை மறைக்கிறார்கள், மிச்சத் துண்டைக் காட்டினால் மாட்டிக்கொள்வார்கள். எல்லாம் பொருந்தியது.

மறுநாள் பேராசிரியர் வீட்டில் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். "ஸ்ரீரங்கத்துல, உத்தர வீதி" என்று சொல்லியிருந்தார். ஆட்டோக்காரர் காவிரிப் பாலம் தாண்டியதும், "கீழ உத்தரமா, மேல உத்தரமா, தெக்கா, வடக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பேராசிரியர் போனை எடுக்கவில்லை. ஆட்டோ ஒரு தெருவில் திரும்பியது, இன்னொன்றில் திரும்பியது, மறுபடியும் திரும்பியது. சற்று முன் பார்த்த பூக்கடை மறுபடி வந்தது. மீட்டரும் இல்லை.

"அண்ணே, இந்தக் கடைய இப்பதானே பாத்தோம்? சுத்தி சுத்திக் காட்டறீங்களா?"

அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "கோயிலைச் சுத்தித்தாங்க வீதியே இருக்கு. சுத்தி வந்தா அதே கடைதான் வரும். பேசின காசுக்கு மேல ஒரு பைசா வேணாம். மொதல்ல வீட்டு அட்ரஸை ஒழுங்காக் கேளுங்க."

எங்கள் ஊரில் டாக்சிக்காரர் இப்படிப் பேசினால் நானும் பேசியிருப்பேன். இங்கே வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் பேராசிரியரே வேட்டியோடு தெருமுனையில் நின்று கையை ஆட்டினார்.

அவர் மனைவி கோமளா மாமி இலை போட்டுப் பரிமாறினார். "சாத்தமுது இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்றார். ரசத்தைத்தான் சொல்கிறார் என்று புரிவதற்குள் விட்டுவிட்டார். ஈப்போவில் நாங்கள் வைக்கும் ரசம் புளியும் மிளகுமாக மூக்கில் ஏறும். இது பருப்பும் பெருங்காயமுமாக மெல்ல இறங்கியது. நல்ல சாப்பாடு. ஆனால் இந்த உபசாரத்தின் நோக்கம் என்ன என்று ஒரு பக்கம் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

பெட்டியைப் பார்த்த மாமி, "ஓ, அந்தக் கல்லா? இதோட பாக்கியெல்லாம் நம்மாத்துப் பெருமாள் அலமாரியிலதானே இருக்கு! தெனம் விளக்கேத்தறச்சே நான் பாக்கறேனே" என்றார்.

பேராசிரியர் கை இலைமேல் அப்படியே நின்றது. "கோமளா, மோர் கொண்டா" என்றார்.

உடைந்து போனதாகச் சொன்ன துண்டு, சுவருக்கு அந்தப் பக்கம், பூஜை அலமாரியில் இருந்தது. மோர் சாதத்தை இருவரும் தலை குனிந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது, "நாளைக்குப் பேசலாம்" என்றார். சரி என்றேன். நாளை வரை காத்திருக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நேராகத் தென்னூருக்குப் போனேன். ரஹ்மத்தின் வீடு மருந்துக்கடைக்கு மேலே மாடியில். அவளுடைய அத்தா குவைத்தில் இருக்கிறார். கதவைத் திறந்த அம்மா என்னை யாரென்று கேட்டுவிட்டு, மகளைக் கூப்பிடாமல் வாசலிலேயே நின்றார்.

"எதுக்கும்மா வீடு வரைக்கும்? பிள்ளை மேல ஏதும் கம்ப்ளைன்ட்டா?"

"இல்லைங்க. பேசத்தான் வந்தேன்."

"பேசறதுக்கு காலேஜ் இருக்கே" என்றார். இருந்தாலும் உள்ளே விட்டார். ரஹ்மத் அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கல்லூரியில் பார்த்த பெண் இல்லை இவள். பக்கத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மேடம், நீங்க சார்கிட்ட சொல்லாம வந்திருக்கீங்க, இல்லையா?"

"ஆமா. அந்த மிச்சத் துண்டு உடையல. ஏன் பொய் சொன்னீங்க?"

"நீங்க எங்க மேல சந்தேகப்பட்டுத்தான் வந்திருக்கீங்க. மொத மெயில்லயே தெரிஞ்சது. நாங்களும் உங்க மேல சந்தேகப்பட்டுத்தான் உக்காந்திருக்கோம். சொல்லட்டுமா?"

சொன்னாள். இதற்கு முன் வேறொரு வெளிநாட்டுக் குழு அவள் வளர்த்த படிகத்தை அளந்து தருவதாக வாங்கிக்கொண்டு போனது. நேரில் வந்து நன்றாகப் பேசினார்கள், கட்டியை முழுதாகக் கேட்டார்கள், சாரும் நம்பிக் கொடுத்தார். கட்டுரை வெளிவந்தபோது அவள் பெயர் இல்லை. சார் பெயர்கூட நன்றி சொல்லும் கடைசி வரியில்தான் இருந்தது. அந்தப் படிகத்தைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை அவள் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி உலையைப் பற்ற வைத்தாள். அதற்குப் பிறகு நல்ல துண்டு எதையும் சார் கல்லூரியில் வைப்பதில்லை.

"இப்ப நீங்க வந்ததும் மொதக் கேள்வியே மிச்சம் எங்கன்னுதான். சாருக்கு பக்குன்னு ஆயிடுச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டாரு. எனக்கும் அது பிடிக்கலதான். ஆனா அவரை விட்டுக்குடுக்க முடியலங்க."

அவள் அம்மா இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊரில் இடியாப்பத்தைப் புட்டு மாயம் என்போம், தேங்காய்த்துருவலும் வெல்லமும் சேர்த்துச் சாப்பிடுவோம் என்றேன். "வெறும் வெல்லத்தோடயா?" என்று அவர் முகம் சுளித்தார். அந்த வீட்டில் அவர் என்னைப் பார்த்து முதல்முறை சிரித்தது அப்போதுதான்.

அவள் சொன்னதை நம்பினேனா? பாதி. பெயரை விட்ட கதை உண்மையாக இருக்கலாம். அதனாலேயே மங்கிய சிறகு சரியாகிவிடாதே. அதை அவளிடமே சொன்னேன்.

"சரிங்க. நாளைக்கு உங்ககிட்ட இருக்கிற துண்டைக் கொண்டு வாங்க. நீங்க முன்னாடி உக்காருங்க, நான் மைக்ராஸ்கோப்புல பாக்கறேன். சாரையும் மிச்சத் துண்டை எடுத்துட்டு வந்து இருக்கச் சொல்றேன். யார் மேல தப்புன்னு தெரியட்டும்" என்றாள்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் மூவரும் உட்கார்ந்தோம். பேராசிரியர் ஒரு பழைய குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதற்குள் மிச்சத் துண்டு. ரஹ்மத் முதலில் அதைப் பார்த்தாள். பிறகு நான் கொண்டுவந்ததை. ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு மூலையாக. நேரம் போனது.

"மேடம், இந்த மூலை சில்லு பெயர்ந்திருக்கு."

"வெட்டும்போது ஆயிருக்கும்" என்றேன்.

"இல்லைங்க." கைப்பேசியை எடுத்தாள். "போன தடவைக்கு அப்புறம், அனுப்பறதுக்கு முன்னாடி ஆறு முகத்தையும் எட்டு மூலையையும் போட்டோ எடுத்து வெச்சுக்கறேன்." படத்தில் அந்த மூலை கூர்மையாக, முழுதாக இருந்தது. "இப்ப இந்தச் சில்லுக்குள்ள பாருங்க."

குனிந்து பார்த்தேன். பெயர்ந்த பள்ளத்தின் அடியில், துடைத்த துணி எட்டாத இடத்தில், மஞ்சளாக ஏதோ மின்னியது. படிகத்தின் மஞ்சள் இல்லை.

"தங்கம்" என்றாள் ரஹ்மத்.

மின்னழுத்தம் கொடுக்க வேண்டுமென்றால் எதிரெதிர் முகங்களில் உலோகம் பூச வேண்டும். அதை வைத்துத்தான் மின்சாரம் உள்ளே போகும். "நாங்க சில்வர் பெயின்ட்தான், பிரஷ்ஷால பூசுவோம். தங்கம் பூசற மெஷின் எங்க டிபார்ட்மென்ட்லயே கிடையாதுங்க" என்றாள்.

வேறு எங்காவது பூசியிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அந்தப் புகைப்படம் நினைவுக்கு வந்தது. பெட்டி திருச்சியை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பள்ளமே இல்லை. பள்ளம் விழுந்த பிறகுதான் தங்கம் உள்ளே போயிருக்க முடியும். தங்கம் பூசும் இயந்திரம் ஒன்றை நான் தினமும் தாண்டித்தான் போகிறேன். என் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவன் யோனாஸ், கற்றைக்குள் மாதிரிகளை இறக்கும் கம்பிகளைப் பார்த்துக்கொள்பவன். படிகம் வந்து சேர்ந்தபோது நான் ஊரில் இல்லை, அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக ஈப்போ போயிருந்தேன்.

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போக எழுந்தேன்.

"இங்கயே பேசுங்க மேடம்" என்றாள் ரஹ்மத். "ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். அங்கே விடிந்து வேலை தொடங்கும் நேரம். யோனாஸ் உற்சாகமாக எடுத்தான். நான் கேட்டதற்கு யோசிக்கக்கூட இல்லை. "மேல் தட்டில் பெயரில்லாமல் இருந்த பெட்டிதானே? ஆமாம். புதுக் கம்பியில் மின்னழுத்தம் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு படிகம் வேண்டியிருந்தது. உபரி என்று நினைத்தேன். தங்கத்தைச் சுத்தமாகத் துடைத்து அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். ஏன், அது யாருடையது?"

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லையே" என்றான். குரலில் எந்தக் கள்ளமும் இல்லை.

உண்மைதான். கடல் தாண்டி எத்தனை கடிதம் எழுதினேன். பக்கத்து அறைக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. தப்பு திருச்சியில்தான் நடந்திருக்கும் என்று ஏன் எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றியது? நானும் தமிழச்சிதான், ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைதான். அந்த ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் இளக்காரமாக இந்தியப் பெட்டி என்று சொல்லும்போது நானும் சேர்ந்து அப்படியே சொல்லிப் பழகியிருந்தேன்.

போனை வைத்தேன். பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"உடைஞ்சு போயிடுத்துன்னு நான் சொன்னது பொய். அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்க கேக்க வேண்டிய மன்னிப்பை எங்கிட்ட கேக்காதீங்கோ. இவகிட்ட கேளுங்கோ."

ரஹ்மத்தின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். நம் ஊர்களில் அப்படித்தானே சொல்வார்கள். அவள் சொல்லவில்லை.

"இதை மெயில்ல எழுதிடுங்க மேடம். போன்ல அவர் சொன்னதையும் சேர்த்து. மொதல்ல எங்களைக் கேட்டு எழுதினீங்களே, அந்த எல்லாருக்கும் போகணும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். ஒரு இடத்தில், "உங்க லேப்ல நடந்திருக்கலாம்னு இருக்கு. நடந்ததுன்னு போடுங்க" என்றாள். மாற்றினேன். அனுப்பினேன். பிறகுதான் கேட்டேன், அந்த மிச்சத் துண்டை மறு அளவீட்டுக்குக் கொடுப்பார்களா என்று.

பேராசிரியர் சிமிழை அவள் பக்கம் நகர்த்தினார். "உன் இஷ்டம்மா."

ரஹ்மத் அதை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். "குடுக்க முடியாதுங்க. நானே எடுத்துட்டு வரேன்."

வருவதற்கு மாதங்கள் ஆயின. விசா இழுத்தடித்தது. அவள் அம்மா எனக்கே போன் செய்து, அங்கே குளிர் எப்படி, தனியாகத் தங்கவிடுவீர்களா, சாப்பாட்டில் ஹலால் கிடைக்குமா என்று குறுக்கு விசாரணை செய்தார். மூன்று நாள் கழித்து மறுபடி செய்து, முதலில் சொன்ன பதிலையே சொல்கிறேனா என்று பார்த்தார்.

கனத்த கோட்டும் முக்காடுமாக ரஹ்மத் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்று, யோனாஸ் வாசலுக்கே வந்தான். முகம் சிவந்திருந்தது. பெயரைச் சொல்லிக் கையை நீட்டினான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த பெட்டியைக் கோட்டின் உள்பைக்குள் வைத்து, பொத்தானையும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள்.

படிகத்தைக் கம்பியில் அவளே பொருத்தினாள். மின் இணைப்புகள் கழற்றியிருக்கின்றனவா என்று அவனைக் காட்டச் சொன்னாள். அவனும் ஒவ்வொன்றாகக் காட்டினான். மதியம் நாங்கள் சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டு திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது பட்டாம்பூச்சி திரையில் விரிந்திருந்தது. இரண்டு சிறகிலும் ஒரே வெளிச்சம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தோளைத் தொட்டேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"படிகத்தை வேற பக்கம் திருப்பி வெச்சு இன்னொரு தடவை எடுக்கலாம், மேடம்" என்றாள். "ஒரு தடவையை வெச்சு நான் நம்ப மாட்டேன்."

யோனாஸ் கம்பியை மேலே தூக்கினான். மறுபடியும் தொடங்கினோம்.